ஆயுதக்களத்தில் பூட்டிய வண்டி

இத்தாலிக்குப் போக வேண்டியவள் நான். புலம்பலாகச் சொல்லவில்லை. வரிசைப்படி சொல்வதென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மூட்டை கட்டும் பகுதிக்கு இத்தாலியிலிருந்து புது இயந்திரம் வந்தது. அதன் மின்பலகையைத் திறந்து, கம்பிக்குக் கம்பி எண் போட்டு, படம் வரைந்து ஒட்டி வைத்தது நான். இயந்திரம் செய்த கம்பெனி பத்து நாள் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பச் சொன்னபோது, எனக்கு இரண்டு வருடம் பின்னால் சேர்ந்தவரை அனுப்பினார்கள். பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டுக் காரணமும் சொன்னார்.

"தப்பா நெனைக்காதம்மா. ஊர் தெரியாத ஊரு. ராத்திரி நேரத்துல ஏர்போர்ட்டு, ஹோட்டல்னு அலையணும். ஒனக்கு ஒண்ணுன்னா நாங்கதானே பதில் சொல்லணும்."

"சரிங்க சார்" என்றேன். சரியில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

போனவர் திரும்பி வந்து, கேன்டீனில் போனை சாம்பார் வாளிமேல் சாய்த்து வைத்துப் படம் காட்டினார். இயந்திரத்தின் படம் மூன்று. மீதி எல்லாம் பொலோனா என்கிற பழைய நகரத்தை ராத்திரியில் பேட்டரி சைக்கிளில் சுற்றிப் பார்த்தது. தலைக்கவசத்தில் சின்ன விளக்கு. தெரு நெடுகத் தூண் வைத்த நடைபாதைகள், மஞ்சள் வெளிச்சம், சாய்ந்து நிற்கும் ஒரு கோபுரம், அதன் முன்னால் இவர் கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு.

"பெடல் மிதிக்கவே வேணாம். அதுவா போவுது. ராத்திரி பன்னெண்டு மணி. யாரு நீ, எங்க போறன்னு ஒரு பய கேக்கல" என்றார்.

"எடை பாக்குற சென்சார எப்படி செட் பண்ணணும்னு சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் மேனுவல்ல இருக்கும் மேடம்."

இயந்திரத்தைப் பற்றி அவர் ஒன்றும் கொண்டுவரவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைக் கொண்டுவந்தார். யாரு நீ, எங்க போறன்னு ஒரு பய கேக்கல. அதை மதியம் முழுக்க மனதில் வைத்து அரைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒரு பழைய நகரம் இருந்தது. பேட்டரி வண்டியும் இருந்தது. இரண்டாவது ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் என்னை ஜெயங்கொண்டத்தில் இறக்கிவிடும்போது மணி பத்தே முக்கால் ஆகியிருக்கும். ராத்திரியும் இருந்தது.

எங்கள் வீடு ஜெயங்கொண்டத்தில். அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம் வண்டியில் கால் மணி நேரம். ஒரு காலத்தில் தலைநகரம். இப்போது கோயில் மட்டும் நிற்கிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் புல்வெளியில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். நகரம் எங்கே என்று கேட்டால், சுற்றியிருக்கும் ஊர்ப் பெயர்களில் இருக்கிறது. உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், கடாரங்கொண்டான், சுண்ணாம்புக்குழி. ஷிப்ட் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் தேதி போட ஒரு கட்டம் வரைந்தேன். சுண்ணாம்புக்குழியை எழுதும்போது மட்டும் சிரிப்பு வந்தது. அரண்மனைக்குச் சுண்ணாம்பு நீற்றிய இடமாம். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் சிமென்ட் ஆக்கும் ஆலையில் என் வேலையும் அதுதான்.

பகலில் இந்த ஊர்கள் வேறு எந்த ஊரையும் போலத்தான் இருக்கும். ரேஷன் கடை, கொடிக்கம்பம், முந்திரித் தோப்பு. ராத்திரியில் ஹெட்லைட் தரையோடு தரையாக அடிக்கும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது. பகலில் தட்டையாகத் தெரிந்த கொல்லை மேடும் பள்ளமுமாக எழுந்து வரும். உழுத மண்ணில் செங்கல் தூள் சிவக்கும். நேராகப் போக வேண்டிய சாலை ஒரு காரணமும் இல்லாமல் வளையும். அங்கே ஏதோ பெரியதாக இருந்திருக்கிறது, சாலை இன்னும் அதற்கு வழிவிட்டு ஒதுங்கிப் போகிறது. எனக்கு இது பிடித்திருந்தது. பேட்டரி வண்டியில் சத்தமே கிடையாது. சக்கரம் மண்ணில் உரசுவது மட்டும் கேட்கும்.

வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் சம்பளத்தில் வாங்கியது. வாங்கியது பெரம்பலூரில், ஏனென்றால் என் அண்ணன் அங்கே ஒரு கல்லூரி ஆபீஸில் வேலை பார்க்கிறார். ஷோரூம்காரர் அவருக்குத் தெரிந்தவர். படிவத்தில் போன் நம்பர் என்று ஒரு கட்டம் இருந்தது. நான் பேனாவை வைத்ததும் பின்னாலிருந்து அம்மா சொன்னார்.

"ஒன் நம்பர எதுக்கு எழுதற? கண்ட பயலும் போன் பண்ணுவான். அண்ணன் நம்பரக் குடு."

எங்கள் வீட்டில் இது பழக்கம். கேஸ் சிலிண்டருக்கும், துணிக்கடைக்கும், நான் படித்த கல்லூரிக்கும்கூட அண்ணன் நம்பர்தான். என் பரீட்சை முடிவு முதலில் அவர் போனுக்கு வரும். அவர் என்னைக் கூப்பிட்டுச் சொல்வார். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் அப்பா நம்பரோ அண்ணன் நம்பரோதான். அதனால் யோசிக்காமல் எழுதினேன். மின்பலகையில் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று ஒன்றுக்கு மூன்று தடவை பார்க்கிறவள், இந்த ஒரு கம்பியைப் பார்க்கவில்லை. அந்த வண்டியில் நம்பர் யாருடையதோ அவர்தான் ஓனர். வண்டி எங்கே நிற்கிறது என்று அவர் போனில் தெரியும். நின்றுகொண்டிருக்கும் வண்டியை அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பூட்டலாம். நான் வெறும் ஓட்டுகிறவள்.

இது எனக்கு இரண்டாவது ராத்திரிக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதல் ராத்திரி கோயிலைச் சுற்றி மதில் ஓரமாகப் போனேன். காவலாளி டார்ச்சை என் முகத்தில் அடித்தார்.

"பூட்டின கோயில்ல என்னம்மா வேல?"

"சும்மா சுத்திப் பாக்கறேங்க."

"பூட்டினத என்னன்னு சுத்திப் பாப்ப? காலைல வா."

"காலைல எல்லாரும் வருவாங்க."

"ராத்திரி யாரும் வரக்கூடாதுன்னுதான் பூட்டறது. கெளம்பு."

இரண்டாவது ராத்திரி உட்கோட்டையை ஒட்டிய மாளிகைமேடு. கம்பி வேலிக்கு உள்ளே அரண்மனையின் செங்கல் அடித்தளம், முட்டளவு உயரத்துக்கு. பத்து நிமிடம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அறை, சுவர், வாசல் என்று போன் விளக்கை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். அந்தப் பத்து நிமிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. திரும்பும்போது பைக்கில் இரண்டு பேர் பக்கத்தில் வந்து, மெயின் ரோடு வரைக்கும் என் வேகத்திலேயே ஓட்டினார்கள். கேள்விகள் வழக்கமானவை. எந்த ஊர், யார் வீட்டுப் பொண்ணு, என்ன ஆளுங்க, கல்யாணம் ஆயிடுச்சா, யாருக்காக இங்கே வந்தாய். கடைசிக் கேள்வியை மட்டும் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். ஒரு பெண் ஓர் இடத்துக்காக வருவாள் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஓர் ஆளுக்காகத்தான் வர வேண்டும்.

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது அண்ணன் போன்.

"நேத்து ராத்திரி பதினொன்னரைக்கு உட்கோட்டைப் பக்கம் ஒனக்கு என்ன வேல?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"வண்டி சொல்லுச்சு."

வண்டி சொல்லுச்சாம். வாயில் நுரையோடு நின்றேன். போன வாரம் பூராவும் என் வண்டி எங்கெங்கே நின்றது, எத்தனை நிமிடம் நின்றது எல்லாம் வரிசையாகப் படித்தார். காய்கறிக் கடையில் ஆறு நிமிடம். தோழி வீட்டில் ஒன்றரை மணி நேரம். மருந்துக் கடையில் எதற்கு இரண்டு தடவை?

"அண்ணே, ஓனர் நம்பர என் நம்பரா மாத்திக் குடு. ஒனக்கு ஒரு ஓடிபி வரும். அதைச் சொன்னா போதும்."

"எதுக்கு? ராத்திரியெல்லாம் நீ சுத்தறதுக்கா?"

"என் வண்டிண்ணே."

"நீ எங்க வூட்டுப் பொண்ணு" என்றார்.

அவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று, ஆறு இலக்கம். அதற்காக மூன்று தடவை போன் பண்ணினேன், ஒரு தடவை நேரில் கேட்டேன். அம்மா அவர் பக்கம். "அவன் பாத்துக்கிட்டு இருந்தா நான் நிம்மதியா தூங்குவேன்" என்றார். என் நிம்மதியைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் போவதை நிறுத்தவில்லை. பட்டியலில் மூன்றாவது ஆயுதக்களம்.

அன்று நிலா இல்லை. ஊருக்குள் நுழைந்ததும் தெருவிளக்கு ஒன்று விட்டு ஒன்று எரிந்தது. ஊர்ப் பெயர்ப் பலகையைப் படம் எடுக்க, ஒரு ஓட்டு வீட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தி அணைத்தேன். இரண்டு படம் எடுத்தேன். திரும்பி வந்து பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு வரி: ஓனரால் பூட்டப்பட்டது.

அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் பாயில் படுத்துக்கொண்டு, கட்டை விரலால் பூட்டியிருக்கிறார்.

வண்டியை ஒரு அடி தள்ளினேன். பூட்டிய வண்டி அசைந்தால் அலாரம் அடிக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு சத்தம் என்று தெரியாது. ஆம்புலன்ஸ் தெருவுக்குள் நுழைந்த மாதிரி. எதிர் வீட்டுக் கொட்டகையில் ஆடுகள் எல்லாம் சேர்ந்து கத்தின. அப்புறம் நாய்கள். அப்புறம் அந்த வீட்டுக்காரப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், ஒரு கையில் டார்ச், ஒரு கையில் அரிவாள்.

"எவடி அது?"

அலாரம் தானாக நின்றது. நான் பெயரையும் ஊரையும் சொன்னேன். அவர் கேட்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தார்.

"இது எப்ப வந்துச்சு? வண்டி வந்த சத்தமே கேக்கலையே."

"பேட்டரி வண்டிங்க. சத்தம் வராது."

"ஏன் வராது?"

அது நியாயமான கேள்வி என்று இப்போது தோன்றுகிறது. அந்தத் தெருவில் எல்லாருக்கும் எல்லார் வண்டிச் சத்தமும் தெரியும். எந்த பைக் பால்காரருடையது, எது தலையாரி மகனுடையது என்று படுத்தபடியே சொல்வார்கள். தெரியாத சத்தம் வந்தால் எழுந்து பார்ப்பார்கள். சத்தமே இல்லாமல் ஒரு வண்டி அவர்கள் வாசலில் நிற்பது என்பது, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைவது மாதிரி. அதற்கு முந்தைய மாதம்தான் இரண்டு ஆடு காணாமல் போயிருந்தது. பைக்கில் வந்து தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இதற்குள் அவர் கணவரும், பக்கத்து வீட்டு ஆள்கள் நாலைந்து பேரும் வந்துவிட்டார்கள். கணவர் வண்டியைச் சுற்றி வந்து, கால் வைக்கிற இடத்தைக் கையால் அளந்தார்.

"முன்னாடி எடம் நல்லா அகலமா வுட்ருக்கான். ரெண்டு ஆடு தாராளமா நிக்கும்."

"படுக்க வெச்சா மூணு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"சீட்டத் தொற" என்றார் கணவர்.

"பூட்டியிருக்கு. சாவியப் போட்டாத்தான் தொறக்கும்" என்று சாவியைப் போட்டுத் திறந்தேன். உள்ளே சாப்பாட்டு டப்பா, கட்டிங் பிளேயர், டெஸ்டர், ரப்பர் கையுறை, கறுப்பு டேப்.

கணவர் கையுறையைத் தூக்கி விளக்கில் காட்டினார். "இது எதுக்கு? கைரேகை வுழாம இருக்கவா?"

"ஷாக் அடிக்காம இருக்கங்க. நான் எலெக்ட்ரிகல் வேல பாக்கறேன்."

"பொம்பளப் புள்ளையா?"

"ஆமாங்க."

"டேப்பு எதுக்கு? ஆட்டு வாயில ஒட்டவா?" என்று அந்தப் பெண்மணி கேட்டார். யாரோ பின்னால் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "ராத்திரில இங்க எதுக்கு வந்த? அதச் சொல்லு மொதல்ல."

"ஊரப் பாக்க வந்தேன்."

"எங்க ஊர்ல என்ன இருக்கு பாக்க?"

"முன்னாடி இங்க ராஜாவோட ஆயுதமெல்லாம் வெச்சிருந்தாங்கன்னு சொல்றாங்க."

அவர் கையிலிருந்த அரிவாளைத் தூக்கிக் காட்டினார். "இப்பவும் இருக்கு. பாத்துட்டல்ல? எடு வண்டிய."

"எடுக்க முடியாதுங்க. பூட்டிட்டாங்க."

"யாரு?"

"எங்க அண்ணன். பெரம்பலூர்ல இருந்து."

இதை அவர்களுக்குப் புரியவைக்க ஐந்து நிமிடம் ஆனது. புரிந்ததும் கோபம் என்மேல் இருந்து ஒரு முழம் நகர்ந்தது. கணவர் தன் போனை எடுத்து, நம்பரைச் சொல்லச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டார். அண்ணன் முதல் மணியிலேயே எடுத்தார். விழித்திருந்திருக்கிறார்.

"ஏம்ப்பா, ஆயுதக்களத்துலேருந்து பேசறேன். இங்க ஒரு பொண்ணு வண்டியோட நிக்குது."

"என் தங்கச்சிதாங்க. வண்டிய நான்தான் பூட்டினேன். இனிமே ராத்திரில வர மாட்டேன்னு அதை ஒங்க எல்லார் முன்னாடியும் சொல்லச் சொல்லுங்க. ஒடனே தொறந்து வுட்டுடறேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டார்ச் வெளிச்சம் முகத்தில். சொல்லிவிட்டால் முடிந்துவிடும். பத்து பேர் சாட்சியோடு சொன்ன வார்த்தையாக அது என் கழுத்தில் தொங்கும்; அப்புறம் ஆறு இலக்கத்தை நான் கேட்கவே முடியாது.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

"கேட்டீங்களா? இதான் இதோட திமிரு" என்றது போன்.

"அது ஒங்க வூட்டுச் சண்ட" என்றார் கணவர். "நீ பெரம்பலூர்ல ஒக்காந்துகிட்டு எங்க தெருவுல வண்டியப் பூட்டுவியா? எங்களக் கேட்டியா?"

"அது சொல்லட்டுங்க, தொறக்கறேன்." இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

வண்டியைத் தெருமுனைக்காவது தள்ளிவிடலாம் என்று இரண்டு பேர் கை வைத்தார்கள். அலாரம். ஆடுகள். நாய்கள். நின்றது. மறுபடி தள்ளினார்கள். மறுபடி அலாரம். இன்னும் மூன்று வீட்டில் விளக்கு எரிந்தது.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அந்த அலாரத்தை என்னால் நிறுத்தியிருக்க முடியும். சீட்டுக்கு அடியில் ஒரு மூடி, அதற்குள் ஃபியூஸ். டெஸ்டரின் முனையால் நெம்பினால் போதும், ஒரு நிமிட வேலை. சீட் திறந்தே இருந்தது. நான் செய்யவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று, "அவர் தொறக்கிற வரைக்கும் இப்படித்தாங்க கத்தும்" என்றேன். அப்புறம் அண்ணன் நம்பரை இன்னொரு தடவை, நிறுத்தி நிதானமாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஏழு போன்கள் வெளியே வந்தன. அந்த ஊருக்கு நான் செய்தது சரியில்லை. அதற்காக வருந்துகிறேனா என்றால், ஆடுகளுக்காக மட்டும்.

முக்கால் மணி நேரம் மாறி மாறி அடித்தார்கள். எடுக்காவிட்டால் அடுத்தவர். அந்தப் பெண்மணியின் அழைப்பை அண்ணன் எடுத்துத் தொலைத்தார். "தம்பி, எங்க ஆடெல்லாம் செனையா இருக்கு. பயத்துல ஒண்ணு குட்டி போட்டுச்சுன்னா, அதத் தூக்கிட்டு பெரம்பலூருக்கு வந்துருவேன். எந்தத் தெரு நீ?" என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் திரை பச்சையானது.

"தொறந்துடுச்சு. போ" என்றார் என்னிடம். "இன்னொரு தரம் பூனையாட்டம் வந்தன்னா கல்லுதான் மொதல்ல பேசும்."

கிளம்பும்போது, கொட்டகைச் சுவரில் கரிக்கட்டையால் எழுதியிருந்த நம்பர்களுக்குக் கீழே இதையும் அவர் கணவர் எழுதிக்கொண்டிருந்தார். மாட்டு டாக்டர், கரண்டுக்காரர், அதற்கடுத்து எங்கள் அண்ணன். பெயர் என்ன போடுவது என்று என்னிடம் கேட்டார். பேட்டரி வண்டி ஓனர் என்று போடச் சொன்னேன்.

வீட்டில் அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. ராத்திரி பத்து மணி ஆனதும், பஸ் ஸ்டாண்டில் நான் விட்டிருக்கும் வண்டியை அண்ணன் அங்கேயே பூட்டிவிட ஆரம்பித்தார். ஷிப்ட் முடிந்து பஸ் ஸ்டாண்டிலிருந்து பதினொரு மணிக்கு நடந்து வந்தேன். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு.

ஆனால் கரியில் எழுதிய நம்பர் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. நான்காம் நாள் விடியற்காலை மூன்றரைக்கு அண்ணனுக்குப் போன். ஆடு ஒன்று கொட்டகையில் இல்லை. உன் வண்டி வந்ததா? வரவில்லை என்றார். அப்புறம் ஆடு வேலியில் சிக்கிக்கொண்டு கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது என்று சொல்ல நாலரைக்கு இன்னொரு போன். அடுத்த வாரம் மெய்க்காவல்புத்தூரிலிருந்து ஒருவர். ஆயுதக்களத்துச் சம்பந்தி வழியாக நம்பர் வாங்கியிருக்கிறார். அவர் ஊரில் யாரோ ஒரு புது பேட்டரி வண்டி வாங்கியிருக்கிறார்கள். அது தெருவில் சத்தமில்லாமல் போகும்போதெல்லாம் எங்கள் அண்ணனுக்குப் போன். இந்தப் பக்கத்தில் ராத்திரி சத்தமில்லாமல் எது நகர்ந்தாலும் அதற்கு ஓனர் அவர்தான் என்று ஆகிவிட்டது. நம்பரை மாற்றவும் முடியாது. சிலிண்டர், பேங்க், கல்லூரி, எங்கள் எல்லாருடைய பிழைப்பும் அந்த ஒரு நம்பரில் இருந்தது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் பெரம்பலூரிலிருந்து வந்தார்கள். அண்ணன் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அம்மா டீ கொடுத்தார். யாரும் உட்காரச் சொல்லாமலே எல்லாரும் உட்கார்ந்தோம்.

"அந்த ஊர்க்காரங்ககிட்ட சொல்லி என் நம்பர அழிக்கச் சொல்லு" என்றார் அண்ணன்.

"ஓனர் நம்பர்தானே எழுதியிருக்காங்க. தப்பா எழுதலையே."

"வெளயாடறியா?"

"இல்லண்ணே. நீதானே ஓனர். வண்டிய பத்திக் கேட்டா நீதான் சொல்லணும்."

"நான் என்ன அங்க போயி ஆடு மேய்க்கிறேனா?"

"பூட்டத் தெரிஞ்சுதுல்ல. பதில் சொல்லவும் பழகிக்க."

அம்மா, "அண்ணன்கிட்ட பேசற பேச்சா இது" என்றார். அண்ணிக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரை அவ்வளவாகப் பிடிக்காது. டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு பொம்பள ஒருத்தி போன் பண்ணி 'தம்பி, முழிச்சிருக்கியா'ன்னு கேக்கறா. பக்கத்துல நான் படுத்திருக்கேன். ஆட்டுக்காரின்னு சொன்னீங்க, நம்புனேன். நேத்து எங்க அம்மா வந்து படுத்திருந்தாங்க. அவங்க நம்பல. நான் இன்னும் எத்தன பேருக்கு வெளக்கம் சொல்லறது?"

"அதுக்கு என்ன பண்ணச் சொல்ற?"

"அந்த எழவு ஓடிபிய குடுத்துத் தொலைங்க. அவ வண்டி, அவளுக்கு வர்ற திட்டு, அவ வாங்கிக்கட்டும்."

எனக்காகச் சொல்லவில்லை என்பதை என் முகத்தைப் பார்த்தே சொன்னார். நானும் நன்றி சொல்லவில்லை.

நான் என் போனில் ஓனர் மாற்றம் என்பதை அழுத்தினேன். அண்ணன் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்து, கடன்காரனுக்குக் கொடுப்பதுபோல ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னார். நாலாவது இலக்கத்தில் நிறுத்தி, "ஒனக்கு ஏதாவது ஆச்சுன்னா என்கிட்ட வராத" என்றார்.

"அஞ்சாவது?" என்றேன்.

சொன்னார். ஆறாவதும் சொன்னார். மாற்றம் முடிந்ததும் திரையில் ஒரு கேள்வி: பழைய ஓனர் வண்டியைத் தொடர்ந்து பார்க்கலாமா? அவரும் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வேண்டாம் என்பதை அழுத்தினேன். அவர் போனில் என் வண்டி காணாமல் போனது. இரண்டு பேரும் டீயைக் குடிக்காமலே பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். அம்மா அந்த டீயைச் சாக்கடையில் ஊற்றும்போது என்னைப் பார்த்தபடியே ஊற்றினார்.

அந்த வாரம் இரண்டாவது ஷிப்ட் முடிந்து ஆயுதக்களத்துக்குப் போனேன். ஊருக்கு வெளியிலேயே நிறுத்தி, அந்த வீட்டுக்கு நடந்து போய், நம்பரை மாற்றி எழுதிக்கொள்ளச் சொன்னேன். கணவர் பழையதை எச்சில் தொட்டு அழித்துவிட்டு என்னுடையதை எழுதினார். அந்தப் பெண்மணி கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"எத்தன மணிக்கு வருவ?"

"பதினொன்னு, பதினொன்னரை."

"ஊருக்குள்ள நொழையறப்ப ஹாரன் அடி. தொடர்ந்து அடி. அந்தக் கடைசி வூடு தாண்டற வரைக்கும் கைய எடுக்காத. அப்பதான் நீன்னு தெரியும்."

"எல்லாரும் முழிச்சுக்குவாங்களேங்க."

"முழிச்சுக்கணும்னுதான் சொல்றேன்."

மெய்க்காவல்புத்தூரிலும் அதையே கேட்டார்கள், கடாரங்கொண்டானிலும். இப்போது அந்த நகரத்தை இப்படித்தான் பார்க்கிறேன். ஊர் எல்லையில் கட்டை விரலைப் பொத்தானில் வைத்து, ஒரு தெரு முழுக்க அடித்துக்கொண்டே போகிறேன். ஜன்னல்களில் விளக்கு எரிகிறது, நாய்கள் ஓடி வருகின்றன, திண்ணையில் படுத்திருப்பவர் எழுந்து உட்கார்ந்து திட்டுகிறார். யாரு என்று மட்டும் இப்போது யாரும் கேட்பதில்லை. கடைசி வீடு தாண்டியதும் விரலை எடுக்கிறேன். காதுக்குள் அந்த இரைச்சல் அடங்க ஒரு நிமிடம் ஆகிறது. அடுத்த ஊர் வருவதற்குள் நாலு நிமிடம் சத்தமில்லாமல் போகலாம்.